காவல் நாயா, கயோட்டியா? டெக்சாஸ் ஆட்டுப்பண்ணை ஒன்றுக்கு இரவு ஸ்கோப் தேர்ந்தெடுத்த அனுபவம்

மேற்கு டெக்சாஸில் சான் ஏஞ்சலோவைத் தாண்டித் தெற்கே போனால் சுண்ணாம்புப் பாறையும் முள்மரமுமாக ஒரு மேட்டு நிலம் விரிகிறது. எட்வர்ட்ஸ் பீடபூமி என்பார்கள். அமெரிக்காவிலேயே ஆடு அதிகம் உள்ள மாநிலம் டெக்சாஸ். அந்த மாநிலத்தின் ஆட்டு நாடு இதுதான். அங்கே எங்கு பார்த்தாலும் நிற்கும் மெஸ்கீட் மரம் நம் ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளி. முதல்முறை போனபோது ராமநாதபுரம் பக்கம் வந்துவிட்டோமோ என்றே இருந்தது.

கறிக்கு ஆடு வாங்கப் போய்தான் அந்தப் பண்ணைக்காரர் எனக்குப் பழக்கம். அறுபதைத் தாண்டியவர். போயர் ஆடுகள் வைத்திருக்கிறார். நான் கேமரா சென்சார் சோதிக்கும் வேலையில் இருப்பவன் என்பது பேச்சுவாக்கில் அவருக்குத் தெரியும். ஒரு பிப்ரவரி மாதம் கூப்பிட்டு, "துப்பாக்கியில் மாட்டி ராத்திரி பார்க்கிற ஸ்கோப் ஒன்று வாங்க வேண்டும், நீ வந்து பார்த்துச் சொல்" என்றார். ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறாரே என்று கேட்டேன். "அதனால்தான்" என்றார்.

நடந்தது இது. குட்டி ஈனும் காலம். இரண்டு வாரமாகக் குட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கிடைத்த ஒரு குட்டியின் தொண்டையில் கோரைப்பல் குத்திய ஓட்டைகள் இருந்தன. கயோட்டி தொண்டையைக் கவ்வி மூச்சுக்குழலை நசுக்கும். ஊர் நாய் கடித்தால் பின்னந்தொடை, விலா, காது என்று கண்ட இடத்தில் குதறியிருக்கும். ஆகவே வந்தது கயோட்டி என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஓர் உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 11 முதல் 18 கிலோ வரை.

ஓர் இரவு பிக்கப் வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து பழைய டிஜிட்டல் ஸ்கோப் வழியாக வேலியோரம் பார்த்தபோது, சுமார் 180 கஜத்தில் இரண்டு கண்கள் மின்னின. சாம்பல் நிறத்தில் நாய் அளவு உருவம். பட்டியைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. விரல் விசைக்குப் போய்விட்டது. அந்த நேரத்தில் உருவம் திரும்பி நடந்தது, வால் மேலே சுருண்டு எழுந்தது. அவருடைய சொந்தக் காவல் நாய், அனடோலியன் ஷெப்பர்ட் இனம், ஒன்றரை வயது. குட்டியிலிருந்து ஆட்டோடு ஆடாக வளர்த்தவர் அவர். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர், அதற்குப் பிறகு பத்து நாள் இரவில் வெளியே போகவில்லை. அந்தப் பத்து நாளில் இன்னும் குட்டிகள் போயின.

சரி, இங்கே பிரச்சினை என்ன? பழைய ஸ்கோப்பின் பெட்டியில் பல நூறு கஜம் தெரியும் என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை. 180 கஜத்தில் ஏதோ ஒன்று நிற்பது நன்றாகவே தெரிந்தது. எது நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஸ்கோப் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏதோ நிற்பது தெரியும் தூரம் என்ற முதல் எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்கிறார்கள். சுடுவதற்கு வேண்டியது இரண்டாவது எண், எது நிற்கிறது என்று தெரியும் தூரம். அதை யாரும் பெட்டியில் போடுவதில்லை, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் இரவுப் பார்வைக் கருவிகளைப் பற்றி ஆராய்ந்த ஜான் ஜான்சன் 1958-ல் சொன்னது. இலக்கின் குறுகிய அளவின் குறுக்கே ஒரு கறுப்பு வெள்ளைக் கோட்டு இணை பிரிந்து தெரிந்தால் "ஏதோ இருக்கிறது" என்று சொல்லலாம். நான்கு இணை தெரிந்தால் என்ன வகை என்று சொல்லலாம். அடையாளம் உறுதியாகச் சொல்ல ஆறரை இணை வரை வேண்டும். ஓர் இணைக்கு இரண்டு பிக்சல் என்று வைத்தால் 2, 8, 13. இதுவும் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்வதற்கான அளவுதான். உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் பாதிக்குப் பாதி எந்த மூலைக்கு? அதனால் 13 என்பதைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொண்டோம்.

அப்புறம், எதன் குறுக்கே 13 பிக்சல்? முழு உடம்பை எடுத்தால் கணக்கு அழகாக வரும், ஆனால் உடம்பை வைத்து நாயையும் கயோட்டியையும் பிரிக்க முடியாது. அவரிடம் கேட்டேன்: பகலில் தூரத்திலிருந்து எதை வைத்துச் சொல்வீர்கள்? யோசிக்காமல் சொன்னார். வாலும் காதும். கயோட்டி ஓடும்போதும் வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும், காது விறைத்து நிற்கும், மூக்கு கூர்மை. அனடோலியனுக்குக் காது மடங்கித் தொங்கும், உஷாரானால் வால் முதுகுக்கு மேல் சுருளும். ஆனால் அந்த இரவில் நடந்தது போல, அசையாமல் நிற்கும் நாய் வாலைத் தொங்கவிட்டிருந்தால் காது மட்டும்தான் மிச்சம். கயோட்டியின் காது நீளம் ஏறக்குறைய 4 அங்குலம்.

இப்போது கணக்கு எளிது. 100 கஜத்தில் 30 அடி அகலம் காட்டும் ஸ்கோப் என்று வைப்போம். சென்சாரில் குறுக்கே 1920 பிக்சல். 4 அங்குலத்துக்கு 13 பிக்சல் வேண்டும் என்றால் அங்குலத்துக்கு மூன்றேகால். அப்படியானால் 1920 பிக்சலும் சேர்ந்து 590 அங்குலத்தை, அதாவது 49 அடியைத்தான் மூடலாம். அந்த அகலம் வருவது 164 கஜத்தில். இது லென்ஸ் சுத்தமாக, காற்று தெளிவாக, வெளிச்சம் தாராளமாக இருக்கும்போது தாளில் வரும் எண். அவர் பார்த்தது 180 கஜத்தில். காது தெரியாததற்கு அவர் கண் காரணமில்லை.

இந்தக் கணக்கைச் சமையலறை மேஜையில் போட்டுக் காட்டியபோது அவர் அந்த 164-ஐ வட்டம் போட்டுவிட்டு, நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

என்னென்ன வழிகள் இருந்தன

மூன்று வகைக் கருவிகள் கடையில் உண்டு. முதலாவது, ராணுவம் பயன்படுத்துகிற குழாய் வகை. இருக்கிற நட்சத்திர வெளிச்சத்தையே பெருக்கிக் காட்டும். மூன்றாம் தலைமுறைக் குழாய் என்றால் பல ஆயிரம் டாலர், பகல் வெளிச்சம் பட்டால் கெடும். அவருக்கு அது தேவையில்லை, பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டோம்.

இரண்டாவது தெர்மல். விலங்கின் உடம்புச் சூட்டையே, 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில், படமாகக் காட்டுவது. விளக்கு வேண்டாம், புல்லுக்குப் பின்னால் இருப்பதும் இடைவெளியில் பளிச்சென்று தெரியும். தேடுவதற்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அக்கம்பக்கப் பண்ணைகளில் பலரும் அதைத்தான் வாங்கச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன், அதாவது துப்பாக்கியின் மேல் வேண்டாம் என்றேன். காரணம் பிக்சல். வாங்கும் விலையில் இருப்பவை 384-க்கு 288, கொஞ்சம் கூடக் கொடுத்தால் 640-க்கு 512. மேலே போட்ட அதே கணக்கை 384-க்குப் போட்டுப் பாருங்கள், காதை அடையாளம் காணும் தூரம் 33 கஜம் என்று வரும். லென்ஸை மாற்றிப் பார்வை அகலத்தைக் குறுக்கினால் கூடும்தான். ஆனாலும் வெள்ளையாக ஒளிரும் நாலுகால் உருவம் என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். மேலும் அந்தச் சுண்ணாம்புப் பாறை பகலெல்லாம் வெயில் குடித்து நடுராத்திரி வரை சூடு விடுவது.

மூன்றாவது டிஜிட்டல். இது அடிப்படையில் நம் போனில் உள்ளது போன்ற கேமராதான். சிலிக்கான் சென்சார் நம் கண்ணுக்குத் தெரியாத 700 நானோமீட்டருக்கு மேலும், ஏறத்தாழ 1000 வரை ஒளியை உணரும். இரவில் ஓர் அகச்சிவப்பு விளக்கை அடித்தால் அதன் வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். பகலில் வண்ணத்தில் சாதாரண ஸ்கோப் போல வேலை செய்யும், வெயிலால் கெடாது. விலையும் 1000 டாலருக்குள் நல்லது கிடைக்கும். குறை என்னவென்றால், விளக்கு எட்டும் தூரம்தான் பார்வை எட்டும் தூரம்.

சென்சாரா, திரையா?

கடைக்காரர்கள் சென்சார் பிக்சலைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், உள்ளே கண் பார்க்கும் குட்டித் திரையின் பிக்சலைச் சிறிய எழுத்தில் போடுவார்கள். உதாரணத்துக்கு சைட்மார்க் ரெய்த் எச்.டி. மாடலில் சென்சார் 1920-க்கு 1080, திரை 1280-க்கு 720. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் உருப்பெருக்கம் கூட்டாமல் பார்த்தால் கண்ணுக்கு வருவது திரையின் 1280 தான். கொஞ்சம் பெரிதாக்கினால்தான் சென்சார் பிடித்தது முழுவதும் கண்ணுக்கு வரும். அதற்கு மேல் பெரிதாக்கினால் புதிதாக எதுவும் வராது, இருப்பது ஊதிப் பெருக்கும். 4 மடங்கிலிருந்து 32 மடங்கு என்று போட்டிருந்தால், 32-ல் சென்சாரின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு, வெறும் 240 பிக்சலைத்தான் திரை முழுக்க இழுத்துக் காட்டுகிறது. ஆகவே டிஜிட்டல் ஸ்கோப்பில் பெரிய உருப்பெருக்க எண்ணை மறந்துவிட்டு, தொடக்க எண்ணைப் பாருங்கள். அது லென்ஸ் தருவது.

குறுக்கே பிக்சல் இரண்டு மடங்கு உள்ள 4கே வாங்கிவிட்டால் தூரம் இரட்டிப்பாகுமே என்று அவர் மகன் கேட்டான். நல்ல கேள்வி. அதே அளவு சென்சாரில் நான்கு மடங்கு பிக்சலை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி கால்பங்கு. பகலில் அதன் பலன் தெரியும். இருட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும், அதை மென்பொருள் மழுப்பும்போது முதலில் கரைவது காது நுனி போன்ற சின்ன விவரம்தான். நல்ல லென்ஸும் வலுவான விளக்கும் இருந்தால் 4கே-யால் கொஞ்சம் லாபம் உண்டு. இரட்டிப்பு லாபத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் கேமரா ஒரு படத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓட்டமும் நடையுமாகப் போகும் கயோட்டி, நொடியில் 30-ல் ஒரு பங்கு நேரத்தில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் காது நீளமே அவ்வளவுதான். நிற்கும்போது தெரிந்த காது ஓடும்போது இழுபட்டு மறைவது இதனால். இதற்கு மருந்து சென்சாரை மாற்றுவதில் இல்லை, விளக்கை மாற்றுவதில் இருக்கிறது.

விளக்கு விஷயத்தில்தான் அவருடைய பழைய ஸ்கோப் கோட்டை விட்டிருந்தது. கூடவே வந்த சிறு விளக்கு 940 நானோமீட்டர் வகை. அதை நேராகப் பார்த்தாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அது வசதிதான். ஆனால் அந்த அலைநீளத்தில் சிலிக்கான் மந்தம், 850 வகையோடு ஒப்பிட்டால் தூரம் வெகுவாகக் குறையும். 850-ல் விளக்கின் முகத்தில் மங்கலான சிவப்புப் பொட்டு தெரியும். விலங்கு அதைக் கவனித்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். 850 வகை விளக்கைத் தனியாக வாங்கினோம், ஒளியைக் குவிக்கவும் விரிக்கவும் கூடியது. பழைய ஸ்கோப்பிலேயே அதைப் பொருத்திப் பார்த்தபோது படம் பாதி தேறிவிட்டது. புது ஸ்கோப் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: விளக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

வேலிக்குப் பின்னால் நடந்த சோதனை

கணக்கை மட்டும் நம்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரரிடம் பேசி இரண்டு ஸ்கோப்புகளை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தோம். ஒட்டுப்பலகையில் இரண்டு உருவங்கள் வெட்டினோம். ஒன்று காது நிமிர்ந்து வால் தாழ்ந்தது, மற்றது காது மடங்கி வால் தாழ்ந்தது. வால் சுருண்டதை வேண்டுமென்றே வெட்டவில்லை, அது சுலபம் என்பதால். இரண்டுக்கும் கண் இருக்கும் இடத்தில் ஒளி திருப்பும் டேப்பைச் சின்ன வட்டமாக ஒட்டினோம்.

நிலா இல்லாத இரவு. நானும் அவர் மகனும் நடந்துபோய் இரண்டில் ஒன்றை நட்டுவிட்டு ஒதுங்குவோம். அவர் துப்பாக்கியில் இல்லாமல், முக்காலியில் மாட்டிய ஸ்கோப் வழியாகப் பார்த்து எது என்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். 100 கஜத்தில் உடனே சொன்னார். 150-ல் கொஞ்சம் நிதானித்தார், ஆனால் சரியாகவே சொன்னார். 200-ல் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தார். 250-ல் நாணயம் சுண்டிப் போட்ட மாதிரிதான். ஆனால் அங்கேயும் கண்கள் இரண்டும் நட்சத்திரம் போல மின்னிக்கொண்டிருந்தன. 400 கஜத்தில்கூட மின்னின.

அன்று இரவு தற்செயலாகக் கண்டது ஒன்று இந்த முழு வேலையின் போக்கையும் மாற்றியது. அவருடைய இன்னொரு காவல் நாய், கிரேட் பிரனீஸ் இனப் பெண் நாய், நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்க வந்தது. அதன் கழுத்தில் பழைய ஜி.பி.எஸ். பட்டை. பட்டையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒளி திருப்பும் டேப். ஸ்கோப்பில் அந்தத் துணுக்கு வெல்டிங் பொறி போல எரிந்தது. ஒளி வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் டேப்புக்கு அகச்சிவப்பும் ஒளிதான். விளக்கு ஸ்கோப்பின் பக்கத்திலேயே இருப்பதால் அத்தனையும் லென்ஸுக்கே திரும்பி வருகிறது. தெர்மலில் இது தெரியவே தெரியாது.

மறுநாள் மூன்று நாய்களுக்கும் இரண்டு அங்குல அகலப் பட்டை, சுற்றிலும் டேப். பிரனீஸுக்குக் கழுத்து மயிர் அடர்த்தி, பட்டை உள்ளே புதைந்துவிட்டது. அவர் மடியில் அதன் தலையை வைத்துக்கொண்டு ஆட்டுக்கு மயிர் வெட்டும் கத்திரியால் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் வெட்டினார். அது பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

ஒரு விஷயத்தில் அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். பட்டை மின்னினால் சுடக் கூடாது. மின்னவில்லை என்பதற்காகச் சுடவும் கூடாது. பக்கத்துப் பண்ணை நாய்க்குப் பட்டை இல்லை, நம் நாயே முள்ளில் பட்டையைக் கழற்றிவிட்டு வரலாம். பட்டை இல்லை, காது நிமிர்ந்திருக்கிறது, வால் தாழ்ந்திருக்கிறது, பின்னால் மண்மேடு இருக்கிறது, தூரம் 150-க்குள்: ஐந்தும் சேர்ந்தால்தான்.

வாங்கியதும் பொருத்தியதும்

முடிவில் வாங்கியது 1920 பிக்சல் சென்சார், 4 மடங்குத் தொடக்கம், படத்தைப் பதிவு செய்யும் வசதி உள்ள நடுத்தர விலை டிஜிட்டல் ஸ்கோப். மிச்சப்பட்ட பணத்தில் கையில் பிடிக்கும் சிறிய தெர்மல் ஒன்று. இந்தச் சேர்க்கையை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் விலை இல்லை. ஸ்கோப்பால் தேடினால் துப்பாக்கி முனையும் கூடவே சுற்றும். ஆட்டின் மேல், நாயின் மேல், யாராவது நடந்து வந்தால் அவர் மேலும். தேடுவது கையில் இருப்பதால், துப்பாக்கி எழும்புவது கடைசியில் மட்டும்.

பகலில் 100 கஜத்தில் குறி சரிசெய்தோம், இரவில் திரும்பச் சோதித்தோம். அகச்சிவப்பில் குவியம் சற்று மாறும், லென்ஸ் வளையத்தைத் திரும்பத் திருப்ப வேண்டும். துப்பாக்கி 223 ரெமிங்டன் என்ற சிறு தோட்டா போடுவது, உதைப்பு குறைவு, ஸ்கோப்புக்கு அதனால் ஆபத்தில்லை. முதல் இரவில் படம் முழுக்க வெள்ளைப் பனி மாதிரி படர்ந்தது. பார்த்தால், குழலுக்கு முன்னால் ஓர் அடியில் நின்ற காய்ந்த புல். விளக்கு முதலில் அதில் பட்டுத் திரும்பி, கேமரா அதற்கேற்ப மற்றதையெல்லாம் இருட்டாக்கிவிட்டது. தரையை விட்டு வண்டியின் பின்தட்டுக்கு ஏறியதும் சரியானது. திரையின் வெளிச்சத்தையும் ஆகக் குறைத்து வைத்தோம், இல்லாவிட்டால் கண்ணை எடுத்ததும் கொஞ்ச நேரம் குருடுதான்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்சாஸில் கயோட்டிக்கு வேட்டைப் பருவம் என்று ஒன்று கிடையாது, சொந்த நிலத்தில் இரவிலும் தடையில்லை. மானை இரவில் சுடுவது குற்றம், பொதுச் சாலையிலிருந்து சுடுவதும் குற்றம். இதே கருவியைக் கலிபோர்னியாவில் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரியையும் காக்கிறது, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஸ்கோப் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பருவம் முடியும்வரை வாரத்தில் நான்கைந்து இரவு உட்கார்ந்தார். சினை ஆடுகளை வீட்டருகே உள்ள பட்டிக்கு மாற்றியதும், கீழே தோண்டியிருந்த வேலியை அடைத்ததும் பாதி வேலையைச் செய்தன. அதை மறைத்து ஸ்கோப்புக்கே எல்லாப் பெருமையும் கொடுத்தால் தப்பு. இரண்டு கயோட்டிகளைச் சுட்டார், இரண்டும் 140 கஜத்துக்குள். பதிவான படத்தை எனக்கு அனுப்பினார், காது ஒவ்வொன்றும் கத்தி முனை போலத் தெரிந்தது.

மார்ச் கடைசியில் நான் உடன் இருந்த இரவில், கைத் தெர்மலில் ஓடைப் பக்கம் ஒன்று தெரிந்தது. துப்பாக்கியை எடுத்து விளக்கைக் குவித்தார். 190 கஜம். கண்கள் மின்னின. பட்டை இல்லை. வால் புல்லில் மறைந்திருந்தது, காது இருக்கும் இடத்தில் ஒரு மங்கல். அது பட்டிப் பக்கம் இரண்டடி வைத்தது, நின்றது. நான் மூச்சுவிடாமல் இருந்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார், பாதுகாப்புப் பூட்டை எடுக்கவே இல்லை. பிறகு வண்டிக் கதவைத் தட்டிச் சத்தம் போட்டார். அது ஓடையில் இறங்கி மறைந்தது.

காலையில் ஓடை மணலில் தடத்தைப் பார்த்தோம். நீளவாக்கில் முட்டை வடிவம், நடு இரண்டு விரல் நகங்களும் ஒன்றையொன்று நெருங்கி. நாய்த் தடம் இதைவிட அகலமாக விரிந்திருக்கும். கயோட்டிதான். அவர் குனிந்து தன் உள்ளங்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, பக்கத்தில் வரட்டும்" என்று சொல்லி ஆடுகளுக்குத் தீவனம் போடப் போனார்.